பொட்டு வைத்த தகடு

விமல்ராஜ் போன் செய்தபோது காலை ஏழு இருபது. நான் என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். பக்கத்து மாவுக் கடை இன்னும் திறக்கவில்லை. தூக்குப் பாத்திரங்களோடு மூன்று பேர் வாசலில் காத்திருந்தார்கள். ஆறு மணிக்கே திறந்துவிடும் கடை அது. "அம்மா போயிட்டாங்க," என்றான் விமல்ராஜ். முசரவாக்கத்தில் ஐந்தேகால் மணிக்கு பஸ்ஸுக்குக் கிளம்ப ஒரு காலில் செருப்பு மாட்டியவர், மறு செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்து அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்து வீட்டு ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

காத்திருந்த மூன்று பேரிடமும் நான்தான் சொன்னேன். ஒருவர் தூக்கின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். யாரும் உடனே நகரவில்லை.

ரேணுகாம்பாளுக்கு ஐம்பத்து நான்கு வயது. செவிலிமேட்டில் புது வீடுகள் வந்திருக்கும் பக்கம் ஒரே கூரையின் கீழ் ஆறு கடைகள் இருக்கின்றன. அதில் மூன்றாவது அவருடையது, நான்காவது என்னுடையது. இட்லி மாவு, தோசை மாவு, கேட்டால் அடை மாவு. காலையில் அரிசியும் உளுந்தும் ஊறப்போடுவார், பகலில் அரைப்பார், ராத்திரி புளித்த மாவை மறுநாள் விடியலில் விற்பார். கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்து திரும்புகிற பையன்கள், குழந்தையை இடுப்பில் வைத்தபடி வருகிற அப்பாக்கள் என்று அவருக்கு வாடிக்கை. இதற்காக ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து செவிலிமேட்டுக்கு டவுன் பஸ். கணவர் அப்பாதுரை நெல் பயிர் வைக்கிறவர். மகன் விமல்ராஜ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பணம் இல்லாமல் கடை வைத்தவர் இல்லை அவர். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வைத்தவர். கடை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு வெள்ளம் வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கடைக்கு உயிர் அவருடைய பெரிய கிரைண்டர். இருபது லிட்டர் மாவு அரைக்கும், அரைத்ததும் அப்படியே சாய்த்துப் பாத்திரத்தில் ஊற்றலாம். கோயம்புத்தூரில் செய்தது. வங்கிக் கடனில் வாங்கியபோது இன்சூரன்ஸ் கட்டாயம் என்று வங்கியே ஒரு கடைப் பாலிசி போட்டுக் கொடுத்தது. மூன்று வருஷத்தில் கடன் முடிந்தது. இனி யாரும் கேட்க மாட்டார்கள், விட்டுவிடலாம் என்று வரிசையில் எல்லோரும் சொன்னோம். அவர் விடவில்லை. கிரைண்டர், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, எடைத் தராசு நான்குக்கும் சேர்த்து வருஷா வருஷம் புரட்டாசியில் கட்டிவந்தார். ஆன்லைனில் கட்டித் தருவது என் வேலை.

"பூஜைக்கு முன்னாடி கட்டிடு பாப்பா," என்பார். "மிஷினுங்க குளிச்சிட்டு உக்காரும்போது அதுங்களுக்கும் ஒரு காவல் இருக்கணும் இல்ல?"

அந்த மாதத்துக்கு அவர் வைத்திருந்த பெயர், மிஷினுக்குக் காது குத்துகிற மாதம். பெயருக்குப் பின்னால் ஒரு மாடு உண்டு. கல்யாணமான புதிதில் அப்பாதுரை ஒரு கறவை மாடு வாங்கினார். இன்சூரன்ஸ்காரர்கள் வந்து அதன் காதில் எண் போட்ட வில்லை ஒன்றைக் குத்திவிட்டுப் போனார்கள். ஊரில் அதைக் கம்மல் என்பார்கள். மாடு புளியமரத்தில் காதைத் தேய்த்துத் தேய்த்து ஒருநாள் கம்மல் விழுந்துவிட்டது. யாரும் பொருட்படுத்தவில்லை. ஆறு மாதம் கழித்து மாடு இடி விழுந்து செத்தபோது பார்க்க வந்தவர் காதைத் தூக்கிப் பார்த்தார். கம்மல் இல்லை, பணமும் இல்லை. காதில் ஓட்டை இருக்கிறதே என்று அப்பாதுரை காட்டினாராம். ஓட்டையில் எண் இல்லையே என்று சொல்லிவிட்டு அந்த ஆள் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினாராம். ரேணுகாம்பாள் இந்தக் கதையைச் சொல்லும்போது மாட்டுக்காக வருத்தப்பட மாட்டார். கம்மல் விழுந்த அன்றே போய்ச் சொல்லாத தங்கள் அசட்டையைத்தான் திட்டிக்கொள்வார்.

இவ்வளவு தெரிந்தவர் செய்த தவறு எங்களில் எல்லோரும் செய்கிற தவறுதான். ஆயுத பூஜைக்கு முதல்நாள் மிஷினைக் கழுவித் துடைப்போம். முன்பக்கம் பெயரும் எண்ணும் அச்சடித்த அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். பளபளவென்று நடுவில் இருப்பதால் அதுதான் மிஷினின் நெற்றி. அதைப் புளி போட்டு விளக்கி, சந்தனம் குழைத்துத் தடவி, மேலே குங்குமம் வைப்போம். பொட்டு காய்ந்து கறுத்து அடுத்த வருஷம் வரை இருக்கும். அடுத்த வருஷம் மறுபடி புளி.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகை மழையில் கால்வாய் உடைத்துக்கொண்டு எங்கள் வரிசைக்குள் தண்ணீர் வந்தது. முழங்கால் அளவுதான். ஆனால் அந்த கிரைண்டரின் மோட்டார் முழங்காலுக்கும் கீழே இருந்தது. பல்சக்கரப் பெட்டிக்குள் சேறு போய்விட்டது. ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. மாவு டிரம்கள் மிதந்துகொண்டிருந்தன. ரேணுகாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து பார்த்தார். பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொன்னார். உடனே தெரிவிக்க வேண்டும், கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் கழற்றவோ மாற்றவோ கூடாது. சரி என்று ஒரு ஸ்டூலைக் கழுவி வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். போட்டோ எடுத்ததும் புளித்த மாவை மட்டும் கொட்டச் சம்மதித்தார். அதற்குள்ளேயே ஐந்தாவது கடைத் தையல்காரி தேவகி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "அக்கா, ஒண்ணு மாவக் கொட்டு, இல்ல எங்கள ஊர விட்டு அனுப்பு," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நான்காம் நாள் சர்வேயர் வந்தார். தேவராஜன் என்று பெயர், சென்னைக்காரர், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் நின்று எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். ஃப்ரிட்ஜின் எண் கதவுக்குள்ளே இருந்தது, எழுதிக்கொண்டார். மிக்ஸிக்கும் தராசுக்கும் அடியில் இருந்தது, எழுதிக்கொண்டார். கிரைண்டரிடம் வந்தார்.

"இதோட நம்பர் எங்கம்மா?"

"நெத்தியில இருக்குது பாருங்க சார்."

"பொட்டுதான் இருக்கு."

"பொட்டுக்கு அடியில."

முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவரே துடைத்தார். சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று. அடியில் தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் ஒரு எழுத்தும் இல்லை, ஒரு எண்ணும் இல்லை. எட்டு வருஷத்துப் புளி எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது.

தேவராஜன் கோபப்படவில்லை. "நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலம்மா. பாலிசியில இருக்கற மிஷின் இதுதான்னு மிஷின்ல இருக்கணும். உங்க வாய் வார்த்தைய நான் எழுத முடியாது. இதே மாதிரி பழைய மிஷின் எங்க வேணா கிடைக்கும்."

ரேணுகாம்பாள் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்மல நானே கழட்டிட்டேன் சார்," என்றார். தேவராஜனுக்குப் புரியவில்லை. மாட்டுக் கதையை நான்தான் சொல்லி விளக்கினேன். அந்த எண்ணை ஆறு வருஷம் பாலிசி புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய காகிதத்தைப் பார்த்து நான் தட்டியிருக்கிறேன். ஒருமுறைகூட இரண்டடி நடந்து போய் மிஷினில் சரிபார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

மார்கழியில் கடிதம் வந்தது. ஃப்ரிட்ஜுக்கும் மற்றதுக்கும் தருவார்கள். கிரைண்டர் எது என்று உறுதிசெய்ய முடியாததால் அதற்கு இல்லை. கிரைண்டர் இல்லாத மாவுக் கடைக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? கடைக்குச் சொந்தக்காரர் வீரபாகுவும் அதையேதான் கேட்டார். மொபைல் கடைக்கு ஒருவன் அட்வான்ஸோடு நிற்கிறான், தை முடிவதற்குள் மிஷின் ஓடுவதற்கு ஒரு வழி தெரிந்தால் இருங்கள், இல்லாவிட்டால் காலி செய்துகொடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விமல்ராஜ் வந்தான். கடை வாசலில் நின்று, எனக்கும் கேட்கிற மாதிரி, "ஊட்ல உக்காரும்மா. நான் சம்பாதிக்கறேன் இல்ல?" என்றான்.

"நீ சம்பாதிக்கறத நீ சாப்புடு. நான் அரைக்கறத நான் சாப்புடறேன்."

"எதுல அரைப்ப?"

மறுநாளிலிருந்து எதில் அரைத்தார் என்பதை நாங்கள் பார்த்தோம். வீட்டில் இருந்த சின்ன கிரைண்டரோடு நாத்தனாரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டும் சேர்ந்து பெரியதில் ஒரு தடவை அரைப்பதை ஏழெட்டுத் தடவையாக அரைக்கும். ஊரிலேயே அரைத்து, எவர்சில்வர் தூக்குகளில் கட்டி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார். பாதி வாடிக்கைக்குத்தான் காணும். மீதிப் பேரிடம் நாளைக்கு உனக்கு முதல்ல தரேன் என்று சொல்லி அனுப்புவார், சொன்னபடி மறுநாள் தருவார். பெரிய கிரைண்டரை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. பழைய இரும்புக்காரன் இரண்டு முறை வந்து விலை கேட்டான். இரண்டாம் முறை கொஞ்சம் ஏற்றிக் கேட்டான். "இது சாட்சி சொல்லப் போவுதுப்பா, போ," என்று அனுப்பிவிட்டார்.

நான் மேல்முறையீடு மாதிரி ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். என்ன எழுதுவாய் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், எழுதப் புதிதாக ஒன்றும் இல்லை. அவர் கிரைண்டர் வாங்கின பில்லை எடுத்துவரச் சொன்னார். அதில் இருந்த கோயம்புத்தூர் போன் நம்பரைக் காட்டி, "செஞ்சவன கேளு," என்றார். எட்டு வருஷம் கழித்து அந்த நம்பரில் யார் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே போட்டேன். முதல் நாள் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் பட்டறையின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெரியவர் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். தகடு அழிந்த கதையைக் கேட்டுச் சிரித்தார். தகடு போனால் போகட்டும் என்றார்.

"கவுத்துப் பாருங்கம்மணி. டிரம்முக்கு அடியில, அச்சு மாட்டுற பட்டையில, அதே நம்பர உளி வெச்சு அடிச்சு வுட்டிருக்கறமுங்க. நம்மூட்டு மிஷின் எல்லாத்துக்குமே அடிக்கறதுதானுங்க."

ரேணுகாம்பாள் எழுந்து நேராகக் கிரைண்டரிடம் போனார்.

முதலில் தேவராஜனுக்குச் சொன்னோம், சாய்ப்பதற்கு அனுமதி கேட்டு. சாய்ப்பதை வீடியோ எடுத்து வையுங்கள், எதையும் கழற்றாதீர்கள் என்றார். சாய்ப்பதற்குக் கந்தன் வந்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரைண்டர் கல்லைக் கொத்திக் கொடுக்கிறவன், அதன் எடை அவனுக்குத்தான் தெரியும். தரையில் சாக்குகளை அடுக்கி, அவனும் விமல்ராஜும் இரண்டு பக்கமும் பிடித்து மெல்லப் படுக்க வைத்தார்கள். விமல்ராஜ் அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தான். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை.

அடிப்பக்கத்தில் பட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எட்டு வருஷமாக ஓரத்தில் வழிந்த மாவு காய்ந்து, அதன்மேல் வழிந்து, மறுபடி காய்ந்து, அதற்கு மேல் வெள்ளத்துச் சேறும் சேர்ந்து சிமெண்டு பூசின மாதிரி இருந்தது. கந்தன் உளியை எடுத்தான். அவர் தடுத்தார். "உன் உளி பட்டு இருக்கறதும் போயிடப் போவுது." வெந்நீரில் துணியை நனைத்துப் போட்டு ஊறவைத்தார். தோசைத் திருப்பியால் சுரண்டினார். இண்டு இடுக்குக்குப் பல் துலக்குகிற பிரஷ். ஒரு விரற்கடை அகலம் சுத்தமாக அரை மணி ஆயிற்று. இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். எண் வலது பக்கத்தில் இருந்தது. இரண்டு பகல் போனது அதற்கு. இரண்டாம் நாள் தேவகி கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டினாள். "பேறுகாலம் பாக்கற மாதிரி இருக்குதுக்கா," என்றாள். "தலை தெரிஞ்சா சொல்றேன், இரு," என்றார் இவர்.

எண் தெரிந்தது. கறுத்த இரும்பில் கறுத்த பள்ளங்கள். விரலால் தடவினால் இருக்கிறது, கண்ணால் பார்த்தால் இல்லை. என் போனில் பத்துப் படம் எடுத்தேன். பத்திலும் வெறும் இருட்டு. டார்ச் அடித்தால் இரும்பு மின்னியது, எண் இன்னும் மறைந்தது.

அப்போது அவர் கடைக்குள் போய் ஒரு கை அரிசி மாவு கொண்டுவந்தார். விரல் நுனியால் அந்தப் பட்டையின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தார். பிறகு உள்ளங்கையால் மேலாக ஒரே வழி. மேலே இருந்த மாவு போயிற்று, பள்ளத்தில் இருந்த மாவு நின்றது. வெள்ளையாக ஏழு இலக்கங்கள். நான் பில்லைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன், அவர் இரும்பைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். ஏழாவது "ம்" சொன்னதும் கையை உதறிவிட்டு எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

போட்டோவை அனுப்பினோம். தேவராஜன் நேரில் பார்க்காமல் எழுத முடியாது என்று தை நடுவில் மறுபடி வந்தார். மண்டி போட்டு, கண்ணாடியைக் கழற்றிப் போட்டு, விரலை வைத்துத் தானே தடவிப் பார்த்தார். கைக்குட்டையால் மாவைத் துடைத்துவிட்டு ஒருமுறை, அவரே மாவு தேய்த்து ஒருமுறை. "இத எங்கயுமே பார்த்ததில்லம்மா," என்றார்.

"கம்மல் போனாலும் காது இருக்குது இல்ல சார்," என்றார் ரேணுகாம்பாள்.

தை கடைசி வாரத்தில் கிரைண்டருக்கும் தருகிறோம் என்று கடிதம் வந்தது. பழசானதற்குக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேல் தேறியது, மீதியை அவர் போட்டார். கடிதத்தை வீரபாகுவின் கையிலேயே கொடுத்தார். அவர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மாவு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போனார். மாசியில் புது கிரைண்டர் மினி வேனில் வந்து இறங்கியது. பழைய கோயம்புத்தூர் பட்டறையில் செய்ததுதான். இறங்கின உடனே அவர் பார்த்தது கல்லை அல்ல, அடிப்பட்டையை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பொட்டு டிரம்மின் விளிம்பில் வைத்தார். தகட்டின்மேல் என்னிடம் கேட்டு வாங்கிய அகல செல்லோடேப்பை ஒட்டினார். அதோடு நிற்கவில்லை. வெள்ளத் தண்ணீர் நின்ற கறை எங்கள் எல்லோர் கடைச் சுவரிலும் முழங்கால் உயரத்தில் பழுப்பாக இன்னும் இருக்கிறது. அதற்கு நான்கடி மேலே, மார்க்கர் பேனாவால், தன் கடையின் நான்கு சாமான்களின் எண்ணையும் பெரிதாக எழுதினார். காகிதம் நனையும், போன் தொலையும், சுவர் இங்கேயேதான் இருக்கும் என்பது அவர் கட்சி. பிறகு ஒவ்வொரு கடையாகக் கிளம்பினார். முதலில் பாலிசி, பிறகு சுவரில் எண். "உன் மிஷினுக்குக் காது குத்தியாச்சா?" என்பது எங்கள் வரிசையில் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. என் ஜெராக்ஸ் மிஷினின் எண்ணை அவர்தான் எழுதினார். இலக்கங்கள் எல்லாம் கோலத்துப் புள்ளி போல ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில்.

கடைசிவரை பிடிகொடுக்காதவள் தேவகி. ஊசி முறிந்தால் மாற்றிக்கொள்வேன், இதற்கெல்லாம் எதற்கு இன்சூரன்ஸ் என்பாள். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் போனால் எதில் தைப்பாய் என்று இவர் கேட்பார். கையால் தைப்பேன் என்பாள் அவள். எத்தனை நாளைக்கு என்று இவர் விட மாட்டார். ஒன்றரை வருஷம் இப்படியே போனது. போன புதன்கிழமை, விமல்ராஜ் போன் செய்ததற்கு முதல்நாள், தேவகி என் கடைக்கு வந்து பாலிசிக்கு விவரம் கொடுத்தாள். அக்காவின் தொல்லை தாங்கவில்லை என்றாள். அன்று சாயந்தரமே ரேணுகாம்பாள் மார்க்கரோடு போய்த் தையல் மிஷினின் எண்ணை எழுதிவிட்டார். ஓவர்லாக் மிஷினின் தகடு பின்பக்கம், தாழ்வாக இருந்தது. கண்ணாடியை அவர் ஊரிலேயே விட்டு வந்திருந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு படித்துப் படித்து எழுதும்போது கரண்ட் போயிற்று. டவுன் பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. தேவகி தான் படித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். "வாணாம்மா, நம்பரு என் கண்ணால பாத்துதான் எழுதுவேன். மிச்சத்த காலையில எழுதறேன்," என்று சொல்லிவிட்டு, மார்க்கரை அவளுடைய நூல் டப்பாவில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தகட்டில் எட்டு இலக்கங்கள் இருக்கின்றன. தேவகியின் சுவரில் ஐந்து இருக்கின்றன.